வெறும் வயிற்றில் எண்பத்தொன்று

முப்பத்தெட்டாம் டோக்கன் எழுந்து போய், முப்பத்தொன்பது உள்ளே வந்து உட்காருவதற்குள் டாக்டர் திருமூர்த்திக்குக் கிடைப்பது பத்து விநாடி. போகிறவர் கதவைத் தள்ள வேண்டும், வருகிறவர் செருப்பை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டும், ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து அதற்குள்ளிருந்து நோட்டை எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்துகொள்வார். முப்பது வருஷமாக அவருக்கு ஓய்வு என்றால் அதுதான். இன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கறியும் சோறும் வளைத்துக் கட்டிவிட்டு, மறுநாள் விடிந்ததும் வெறும் வயிறோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ஏதோ ஒரு வாரமாக விரதம் இருந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம். முப்பத்தொன்பது ஒரு ரத்தக் கொதிப்பு. தறிப் பட்டறை வைத்திருக்கிறவர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது பாதரசம் நூற்றெழுபதுக்கு மேல் போய் நின்றது. மாத்திரை போடறீங்களா என்றார். "நல்லாத்தானுங்க இருந்துச்சு, அதான் நிறுத்திட்டனுங்க" என்றார் அவர். நல்லாத்தான் இருந்துச்சு, அதான் நிறுத்திட்டேன். இந்த வாக்கியத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொள்ளலாம். மாத்திரை போட்டதால்தான் நல்லா இருந்தது, நிறுத்தினதால்தான் இப்போது தலை சுற்றுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தார், அதைச் சொல்லிச் சொல்லித் தன் நாக்குக்கே அலுத்துப்போய்விட்டது தெரிந்தது, இருந்தாலும் சொன்னார். பட்டறைக்காரர் பாடம் கேட்கும் பையன் மாதிரித் தலையாட்டினார். அடுத்த முறையும் நிறுத்திவிட்டுத்தான் வருவார், தெரியும். பக்கத்துத் தெருத் தறிகளின் கடகடப்பு ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஊருக்கு வந்த புதிதில் அது காதைக் குடைந்தது. இப்போது மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிடுகிறது.

இந்தக் களைப்பிலும் இன்று காலையில் ஒரு சந்தோஷம் நடந்திருந்தது. அதை அவர் வாயில் அடக்கிய கல்கண்டு மாதிரி அவ்வப்போது புரட்டிக்கொண்டிருந்தார். இருபத்தொன்பதாம் டோக்கன், செங்காட்டுப்புதூர் துளசிமணி. தறி ஓட்டுகிறவள், ஐம்பது வயசு, பதினோரு வருஷமாக இவரிடம் சர்க்கரைக்கு வருகிறாள். இருநூற்று நாற்பது, முந்நூறு, முந்நூற்றிருபது என்று ஏறிக்கொண்டே போனவள். போன வருஷம் இனிமேல் ஊசிதான் என்று சொன்னபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "ஊசி மட்டும் வேண்டாமுங்க. ஊசி போட்டா அப்புறம் அவ்வளவுதானுங்க." யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், ஊசி என்றால் கடைசி என்று. சரி, ஆறு மாசம் பார்ப்போம் என்று இவரும் இறங்கி வந்தார். அதற்கப்புறம் நூற்றுத் தொண்ணூறு, நூற்றைம்பது, நூற்றிருபது. இன்றைக்கு வெறும் வயிற்றில் எண்பத்தொன்று. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்றெட்டு. ரத்தம் எடுக்கிற தங்கவேலு சீட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தான். "சபாஷ் அம்மணி" என்றார் திருமூர்த்தி. சத்தமாகவே சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். துளசிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பசிக்குதா, நல்லா சாப்பிடறியா என்று கேட்டதற்கு, "பசியே இல்லீங்க, சோத்தக் கண்டாலே ஒரு மாதிரி குமட்டுதுங்க" என்றாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று அவர் தமாஷ் செய்தார். நோட்டைப் புரட்டி, போன மாதம் எழுதியதற்குக் கீழே 'அதே மாத்திரை, ஒரு மாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேளை தவறாமல் போடு என்றார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதற்கப்புறம் வந்த பத்துப் பேரை அவர் அந்த எண்பத்தொன்றின் தெம்பில்தான் பார்த்தார்.

நாற்பத்திரண்டாம் டோக்கன் ஒரு பெரியவர், தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர், ராயப்பன் என்று பெயர். மூன்று நாளாக இருமல். முதுகில் குழலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னபோது குனிந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் நழுவித் தரையில் விழுந்தது. செய்தித்தாளைக் கிழித்து மடித்த பொட்டலம். உள்ளே ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு வெள்ளை, ஒரு சின்ன ரோஸ், பாதி பச்சை பாதி வெளுப்பாக ஒரு கேப்சூல். இந்த ஊரில் இதற்கு 'செட்' என்று பெயர். மருந்துக் கடையில் போய்க் கால்வலிக்கு ரெண்டு செட் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அதைப் போட்டால்தான் மறுநாள் நிற்க முடியும். "தினமும் போடறீங்களா?" என்றார் திருமூர்த்தி. "தினமுமெல்லாம் இல்லீங்க, வேலைக்குப் போற அன்னைக்கு மட்டுந்தானுங்க" என்றார் ராயப்பன். அப்படியென்றால் வாரத்துக்கு ஆறு நாள். திட்டுவதற்கு வாயெடுத்தவர் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழித்த செய்தித்தாள். மடிப்பு. வலது கை ஆள்காட்டி விரல் அதைத் தொடாமலே தொட்ட மாதிரி உணர்ந்தது. இந்த விரல் இன்று காலையில் இதே மாதிரி ஒரு காகிதத்தைத் தள்ளியிருக்கிறது. ஒரு நோட்டின் நடுப்பக்கத்தில் இருந்தது. எழுத இடைஞ்சலாக இருந்தது. ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதினோம். யாருடைய நோட்டு? என்ன எழுதினோம்? அதே மாத்திரை, ஒரு மாதம்.

ராயப்பன் இருமினார். இருமலுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார், சளியைப் பரிசோதிக்கவும் எழுதினார், செட் போடாதீங்க என்று இரண்டு தடவை சொன்னார். கதவு மூடியது. பத்து விநாடி. இந்தப் பத்து விநாடியில் கண்ணை மூடவில்லை. துளசிமணியின் நோட்டுத்தான் அது. இல்லை, வேறு யாருடையதாகவும் இருக்கலாம், காலையிலிருந்து நாற்பது நோட்டு. கண் இரண்டும் உப்பியிருந்தது அவளுக்கு. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்திருக்கிறாள், உப்பத்தான் செய்யும். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க முன்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பஞ்சுத் தூசி, தறிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ளது. கால் வீங்கியிருந்ததா? சேலை விளிம்புக்குக் கீழே கொலுசு சதைக்குள் புதைந்திருந்த மாதிரி ஒரு ஞாபகம். நின்றுகொண்டே வேலை, வீங்காமல் என்ன செய்யும். அசதி என்றாள். பன்னிரண்டு மணி நேரம். தலைவலி, அந்தச் சத்தம். திருமூர்த்திக்கு இங்கே ஏதோ தட்டியது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எவன் என்ன சொன்னாலும் தறி மேல் பழியைப் போட்டுவிடுவது எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது. தறி வேலைன்னா அப்படித்தான். அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், அவரும் அதைத்தான் சொல்கிறார். தறியை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன மிச்சம்? கண் உப்பல், கால் வீக்கம், தோல் அரிப்பு, அசதி, குமட்டல், பசியின்மை. சர்க்கரை பதினோரு வருஷம். தினம் ஒரு செட். கூடவே யாரும் குறைக்காமல் தானாகக் குறைகிற சர்க்கரை. எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷத்துப் பையனிடம் இதைச் சொன்னால் பாதியிலேயே பதில் சொல்லிவிடுவான். சிறுநீரகம். சர்க்கரையும் செட்டும் சேர்ந்து அதைப் படுக்கவைக்கும். சிறுநீரகம் படுத்துவிட்டால் போட்ட மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். தங்கித் தங்கிச் சர்க்கரையை இறக்கும். பார்க்கிறவனுக்கு நோய் குணமாகிற மாதிரியே இருக்கும். அவரே ஒரு பரீட்சையில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். நல்ல மார்க் வாங்கியிருக்கிறார். அந்தப் புத்திசாலி இன்று காலையில் சபாஷ் என்றான்.

"சார், நாப்பத்திமூணு" என்று சரோஜினி சிஸ்டர் கதவில் தலையை நீட்டினாள். வரச் சொல்லுங்க. நாற்பத்துமூன்று ஒரு கல்லூரிப் பெண், தைராய்டு, கூட அவளுடைய அம்மா. முடி கொட்டுகிறது என்று அம்மா சொன்னாள், கொட்டிய முடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சாட்சிக்கு எடுத்து வந்திருந்தாள். திருமூர்த்தி அந்தப் பையைப் பார்த்தபடி யோசித்தார், துளசிமணிக்குக் கிரியாட்டினின் எழுதினோமே, சிறுநீரகத்துக்கு உள்ள டெஸ்ட். ஜனவரியில் எழுதினோம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கவும் என்று எழுதிக் கீழே கோடு போட்டோம், அவள் அடுத்த தடவை பார்க்கிறேன் என்றாள், கூலி வரட்டும் என்றாள். ஞாபகம் தெளிவாக இருக்கிறது. நீல அட்டை நோட்டு. ஆனால் துளசிமணியின் நோட்டுக்கு நீல அட்டை இல்லையே, காலண்டர் தாளில் உறை போட்டிருப்பாள், ஏதோ அம்மன் படம். அப்படியானால் நீல அட்டை யார்? நீல அட்டை, பருத்திக்காட்டிலிருந்து வருகிற வேறொரு பெண். அவளுக்குத்தான் எழுதினோம். துளசிமணிக்கு? எழுதினோமா, எழுத வேண்டும் என்று நினைத்தோமா, வாயால் சொன்னதோடு விட்டோமா? போய்ப் பார்க்க முடியாது. இங்கே எந்த நோட்டும் தங்குவதில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் வைத்திருக்கிறார், அவரவர் நோட்டு அவரவர் கையில். கிளினிக்கில் இருப்பது பேரும் ஊரும் போன் நம்பரும் எழுதின ஒரு பதிவேடு மட்டும். பதினோரு வருஷம் ஒரு மனுஷிக்கு என்ன செய்தோம் என்பது இப்போது ஒரு மஞ்சள் பைக்குள் கிடந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. "காலையில வெறும் வயித்துல போடுமா, காப்பி குடிச்சிட்டுப் போடாதே" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். வாய் அது பாட்டுக்கு வேலை செய்தது. நல்ல வாய். முப்பது வருஷப் பழக்கம்.

போன் பண்ண வேண்டும். அவ்வளவுதானே. சிஸ்டரைக் கூப்பிட்டு நம்பரை எடுக்கச் சொல்லி ஒரு போன். இதோ, இந்த நாற்பத்துநான்கு முடியட்டும். நாற்பத்துநான்கு அசிடிட்டி. நெஞ்சு எரிகிறது என்று சொன்ன ஆளை இப்போதெல்லாம் அவர் ஈ.சி.ஜி. எடுக்காமல் விடுவதில்லை. ஒரு தடவை விட்டார். எட்டு வருஷம் ஆகிறது. கேஸ் ட்ரபிள் என்று சிரித்துக்கொண்டு எழுதிக் கொடுத்து அனுப்பின ஆள், டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கண்டக்டர் தூங்குகிறார் என்று நினைத்துக் கடைசி ஸ்டாப்பில் தட்டி எழுப்பப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் எத்தனையோ மாதம் பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டால் எழுதுகிற பேனா நின்றுவிடும். ஈ.சி.ஜி. எழுதினார். துளசிமணியும் டவுன் பஸ்ஸில்தான் போவாள். ஆனால் இது அது மாதிரி இல்லை, இது ஒரு மாதம் இரண்டு மாதமாக நடக்கிற விஷயம், இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன ஆகிவிடும்? எண்பத்தொன்று ஒன்றும் மோசமில்லை. சிலருக்கு அப்படி இருப்பதுதான். ஒருவேளை நிஜமாகவே நல்லபடியாகச் சாப்பிட்டுக் குறைத்திருப்பாளோ? அப்படியும் ஆட்கள் உண்டே. இப்போது போன் போட்டுக் கிட்னி என்று சொன்னால் அவள் பயந்து செத்துப்போவாள். அடுத்த மாதம் வரும்போது நிதானமாக டெஸ்ட் எழுதிக்கொள்ளலாம். அடுத்த மாதம். வேளை தவறாமல் போடு என்று சொல்லி முப்பது நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாயிற்று. காலையில் வெறும் வயிற்றில் எண்பத்தொன்று. ஏழரை மணிக்கு இரண்டு இட்லி தின்றிருப்பாள், அதோடு ஒரு மாத்திரை. மத்தியானம் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்னொன்று. பசியே இல்லை என்றாளே. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால்? மருந்து வெளியே போகாத உடம்பு. சாயங்காலம் ஷிப்டுக்குப் போவாள். ஓடுகிற தறிக்கு முன்னால் நிற்பாள். நாற்பத்தைந்தும் நாற்பத்தாறும் வந்து போனார்கள். திருமூர்த்தி பேனாவை மூடினார். தன்னைப் பற்றி ஒரு அசிங்கமான விஷயம் அவருக்குத் தெரிந்தது. இந்த முக்கால் மணி நேரமாக அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது சந்தேகம் இல்லை. சந்தேகம் தீர்ந்து வெகு நேரம் ஆகிவிட்டது. அந்தச் சபாஷைத் திரும்ப வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது. வேறொன்றுமில்லை. அதோடு களைப்பு. ஒரு தப்பை ஒப்புக்கொள்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"சிஸ்டர், செங்காட்டுப்புதூர் துளசிமணி நம்பர் எடுங்க." சரோஜினி பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். ஏன் சார், எதையாச்சும் விட்டுட்டுப் போயிருச்சா என்றாள். ஆமா என்றார். மணி பன்னிரண்டு நாற்பது. முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. தறிக்காரர்கள் போன் எடுக்க மாட்டார்கள், அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும், பையின் அடியில் கிடக்கும். அதற்குள் நாற்பத்தேழு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார், வேட்டி கட்டின நடுவயசு ஆள், கையில் ஸ்கேன் கவர். சித்தே இருங்க என்றார் திருமூர்த்தி. இரண்டாம் தடவை. அவருடைய சொந்த நெஞ்சு அடித்துக்கொள்வது காதுக்குள் கேட்டது, நூற்றுப் பத்து இருக்கும், எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது. பஸ் ஒரு மணிக்குத்தான் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஒரு மணி பஸ்ஸுக்கு இப்போதே ஏறி உட்கார்ந்திருப்பாளோ? மூன்றாம் தடவை எடுத்தாள்.

"ஆரு?" என்றாள். நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. நான் டாக்டர் பேசறேன் அம்மணி என்றார். "எந்த டாக்டருங்க?" பதினோரு வருஷமாகக் கேட்ட குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. திருமூர்த்தி பேரைச் சொன்னார். "அட, நீங்களா… நானு பஸ் ஸ்டாப்புல, டீக்கடைப் பெஞ்சுல குந்தியிருக்கறனுங்க. வேர்த்து ஊத்துதுங்க. என்னா வெய்யிலு." ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து வெயிலே இல்லை, மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மத்தியான மாத்திரை போட்டாயா என்று கேட்டார். "போட்டாச்சுங்க. வேளை தவறக்கூடாதுன்னு சொன்னீங்களே. மருந்துக் கடையிலயே தண்ணி வாங்கிப் போட்டுட்டனுங்க." சாப்பிட்டாயா? "ஊட்டுக்குப் போயித்தானுங்க." கை நடுங்குதா? "ஆமாங்க, உங்களுக்கெப்படித் தெரியும்?" நாற்பத்தேழு ஸ்டூலில் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டரிடம் ஜாடை காட்டி, அலமாரியிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடச் சொன்னார். பஸ் ஸ்டாப் என்று வாயசைத்தார். அவள் புரிந்துகொண்டு ஓடினாள். "அம்மணி, நான் சொல்றதைக் கேளு. அந்தக் கடையில நாலு ஸ்பூன் சக்கரை போட்டு ஒரு டீ வாங்கி உடனே குடி. சூடா இருந்தா ஆத்திக் குடி. ஆனா இப்பவே குடி."

அந்தப் பக்கம் ஒரு லாரி போனது. அப்புறம் துளசிமணி சிரித்தாள். "என்னையச் சோதிக்கறீங்களா டாக்டரே?" இல்ல அம்மணி. "நானு தொட மாட்டனுங்க. பதினோரு வருசமாச்சு. என்ற மவ கண்ணாலத்துல எல்லாரும் லட்டு திங்கறாங்க, நானு ஒரு துணுக்கு வாயில வெக்கலீங்க. சம்பந்தி ஊட்டுல கோவிச்சுக்கிட்டாங்க." சோதிக்கலை அம்மணி, நிஜமாத்தான் சொல்றேன், குடி. "குடிச்சா நாளைக்கு ஏறிப்போகுமுங்க. அப்புறம் ஊசிம்பீங்க." அந்தக் கலங்கின நிலையிலும் அவள் அதில் மட்டும் உறுதியாக இருந்தாள். புத்தி தடுமாறும்போதும் தடுமாறாத அளவுக்கு அவளுக்குள் ஏற்றி வைத்திருப்பது யார்? இவர்தான். மாதாமாதம் மேஜையைத் தட்டித் தட்டி. போனை டீக்கடைக்காரர்கிட்ட குடு என்று கத்தினார். தான் கத்துவது அவருக்கே கேட்டது. வெளியே வரிசையில் பேச்சு நின்றது. டீக்கடைக்காரன் வந்தான். "சொல்லுங்க டாக்டர்… அட, அந்தக்காவுக்கா? அது சக்கரை போட்டாக் குடிக்காதுங்களே." அவங்க மயங்கி விழுந்துருவாங்க, நீ போட்டுக் குடு, உன் கையால வாயில வெச்சுக் குடு, போனைக் காதுலயே வை. கரண்டி கிளாஸில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குடிங்கக்கா, டாக்டரே சொல்றாரு. வேண்டாங்கண்ணு. குடிங்கக்கா. திருமூர்த்தி ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். துளசிமணி, எனக்காகக் குடி என்றார். முப்பது வருஷத்தில் எந்த நோயாளியிடமும் அவர் எனக்காக என்று சொன்னதில்லை. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. விட்டது. மறுபடி கேட்டது. நாற்பத்தேழு தன் ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தார்.

சர்க்கரை ரத்தத்தில் சேர ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். போனை வைக்கவில்லை. டீக்கடை ரேடியோவில் விளம்பரம் ஓடியது. யாரோ ரெண்டு வடை கேட்டார்கள். திருமூர்த்தி கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். மூடினால் ஒரு பஸ் ஜன்னல் தெரியும் என்று பயமாக இருந்தது. பிறகு துளசிமணியின் குரல் வந்தது, இந்தத் தடவை பழைய குரலாகவே. "டாக்டருங்களா? லைன்லயா இருக்கறீங்க? இப்பத் தேவலீங்க. நடுக்கம் நின்னுருச்சு." அங்கேயே இரு, சிஸ்டர் வருது, பஸ் ஏறாதே, நேரா இங்க வரணும், இன்னைக்கே உன்னை அட்மிட் பண்ணணும், இனி அந்த மாத்திரை ஒண்ணுகூடப் போடக்கூடாது, கால்வலிக்கு வாங்கற செட்டும் கூடாது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் மெதுவாகக் கேட்டாள், "ஏனுங்க? சக்கரைதான் கொறைஞ்சிருச்சுன்னீங்களே." திருமூர்த்திக்கு ஒரு கணம் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று இருந்தது. நேரில் வா, சொல்றேன் என்று தள்ளிப்போடலாம். அதற்குக்கூடத் தெம்பில்லை. பொய்க்கும் தெம்பு வேண்டும். "நான் தப்பாப் பார்த்துட்டேன் அம்மணி. அது நல்லதுக்குக் குறையலை. கிட்னி கெட்டிருக்கும்போல. அதனாலதான் மருந்து உள்ளயே தங்கிச் சக்கரையை இறக்குது. நான் முன்னாடியே பார்த்திருக்கணும். பார்க்கலை."

அவள் அழுவாள் என்று காத்திருந்தார். திட்டினாலும் தேவலை. "கிட்னிங்களா" என்றாள், அவ்வளவுதான். ரேடியோவில் விளம்பரம் முடிந்து மணி ஒன்று என்றது. ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, கிளம்பிப் போகிற சத்தம் முழுவதும் கேட்டது. அப்புறம் அவள் கேட்டாள். "அப்ப, நானு வாயக் கட்டுனதால கொறையலீங்களா?" இவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "மருந்துக் கடையில எல்லாருகிட்டயும் சொன்னனுங்க. வாயக் கட்டிக் கொறைச்சுப்போட்டேன்னு." இவர் மூடியைத் திரும்பப் போட்டார். போன் அவள் மடியில் இறங்கியது போலிருக்கிறது, குரல் தூரத்தில் கேட்டது. டீக்கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இன்னொரு டீ போடு. சக்கரை தூக்கலா."

வேண்டாம் என்று சொல்லத் திருமூர்த்தி வாயைத் திறந்தார். கரண்டி கிளாஸில் இடித்தது. அவர் வாயை மூடிக்கொண்டு அவள் குடித்து முடிக்கிறவரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.